இரணைமடு மேகம் ஏன் ஊத்தைப் பஞ்சு மாதிரி வருது? எச்டிஆர் படத்தில் இயல்பும் மிகையும்

குளக்கட்டு | கிளிநொச்சி

வணக்கம் அண்ணைமார், அக்காமார்.

கோயில் கலண்டர் ஒண்டுக்கு 12 படம் தயார் செய்யிறன். 10 படம் சரி, ரெண்டில நிக்குது. ஒண்டு இரணைமடுக் குளக்கட்டில இருந்து பின்னேரம் எடுத்தது: ஓரத்தில பனை, முன்னுக்குக் கட்டின் கல், பிறகு தண்ணி, அதுக்கு மேல மேகம். மற்றது மண்டபத்துக்குள்ள நிண்டு வாசலுக்கால வெளிவீதியைப் பாத்து எடுத்தது. உள்ளுக்குக் கருங்கல் தூணும் குத்துவிளக்கும், வெளியில மத்தியான வெய்யில்.

கமரா கனொன் 1500டி, லென்ஸ் 18-55, ட்ரைபொட் இருக்கு. அப்பேச்சர் முன்னுரிமையில எஃப் 16 (லென்ஸின்ர சின்னத் துவாரம்), ஐஎஸ்ஓ (ஒளியை உணருற அளவு) ஓட்டோ, வெள்ளைச் சமநிலை ஓட்டோ, ஜேபெக். எச்டிஆருக்கு, அதாவது வேற வேற வெளிச்ச அளவில எடுத்து ஒண்டாச் சேக்கிறதுக்கு, மூண்டு பிரேம்: நடு, மைனஸ் 2, பிளஸ் 2. போட்டோமேட்டிக்ஸ் எண்ட எச்டிஆர் மென்பொருளில 'டீடெய்ல்ஸ் என்ஹான்சர்' முறையில சேத்தன். ஸ்ட்ரெந்த் 100, லைட்டிங் 'சர்ரியல்', நிறச் செறிவு 75.

வந்தது இதுதான். பனந்தலையைச் சுத்தி வெள்ளை வளையம். வெண்மேகம் ஊத்தைப் பஞ்சு மாதிரி. தண்ணி வானத்தை விட வெளிச்சம். மண்டபப் படத்தில தூண் நல்லாத் தெரியுது, ஆனா வாசலுக்கு அங்கால இருக்கிற வீதியும் தூணும் ஒரே அளவு வெளிச்சம், வெளியில வெய்யில் எறிக்குது எண்டே விளங்கேல்ல. நிழல் பக்கம் முழுக்க மணல் மாதிரிப் புள்ளி. வானத்தில கறுப்புப் பொட்டும் நாலைஞ்சு.

சபையில பாதிப்பேர் "நல்ல கலர், இதையே போடுவம்" எண்டினம். மற்றப் பாதி "கீறின படம் மாதிரிக் கிடக்கு" எண்டினம். எந்த இடத்தில நிப்பாட்ட வேணும்? கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரி வாறதுக்கு எந்த இலக்கத்தை எங்க வைக்கிறது? பொதுவாச் சொல்லாமல் செய்முறையாச் சொல்லுங்கோ.

முதிரை | வவுனியா

தம்பி, வளையம், ஊத்தை மேகம், வெளிச்சத் தண்ணீர் என்று மூன்று பிழை எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே பிழை. பனையின் ஓரத்து வானம் மற்ற வானத்தை விட வெளிச்சமாகிவிட்டது. வெண்மேகம் வெளிச்சத்தில் கட்டின் கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் வானத்தை மிஞ்சிவிட்டது. வெளிச்சத்தின் வரிசை குலைந்திருக்கிறது. இயல்புக்கும் மிகைக்கும் நடுவே நான் வைக்கிற எல்லை இது ஒன்றுதான். ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள தூரத்தை எவ்வளவும் குறுக்குங்கோ, எது எதை விட வெளிச்சம் என்ற வரிசையை மட்டும் மாற்றாதேங்கோ.

தண்ணீரை எடுத்துப் பாருங்கோ. காலடியில் நேர் கீழே உள்ள தண்ணீர், தன்மேல் விழுகிற ஒளியில் 2 வீதம் அளவுதான் திருப்பித் தரும். தூரத்துத் தண்ணீர் கூடத் தரும், ஆனாலும் முழுதாகத் தராது. ஆகவே மேகத்தின் விம்பம் தண்ணீரில் தெரிந்தால் அது மேகத்தை விட மங்கலாகவே இருக்கும். குளத்தோடு வளர்ந்த கண்ணுக்கு இது படிப்பில்லாமலே தெரியும். "கீறின படம்" என்று சொன்னவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், கண் பிடித்தது சரி.

குறுக்குவதே பிழை என்று நினைக்க வேண்டாம். மத்தியானம் மண்டபத்துக்குள் இருந்து வெளியே பார்த்தால், தூணின் அடி நிழலில் தொடங்கி வெய்யில் பட்ட வெள்ளை மதில் வரை 14, 15 ஸ்டொப் போகும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). உங்கள் கமரா ஐஎஸ்ஓ 100இல் ஏறத்தாழ 12 ஸ்டொப் பிடிக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற வித்தியாசமுள்ள சாதாரணத் திரை 10 ஸ்டொப் காட்டும். பளபளப்புத் தாள் 7, மங்கல் தாள் 5 சொச்சம். எதையாவது குறுக்கித்தான் ஆக வேண்டும்.

முழுப் படத்துக்கும் ஒரே வளைவைப் போட்டுக் குறுக்கினால் வரிசை கெடாது, ஆனால் படம் சப்பென்று போய்விடும். அதனால்தான் 'டீடெய்ல்ஸ் என்ஹான்சர்' போன்ற முறைகள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அயலோடு ஒப்பிட்டு இடத்துக்கு இடம் வேறு அளவில் ஏற்றி இறக்குகின்றன. வளையம் அங்கேதான் பிறக்கிறது. பனை ஓலைக்குப் பக்கத்து வானப் புள்ளிக்கு அயல் என்பது பாதி வானம், பாதி கறுத்த ஓலை. சராசரி இருட்டாக வருவதால் "நான் இருட்டுப் பகுதியில் இருக்கிறேன்" என்று மென்பொருள் கணக்கெடுத்து அந்த வானத்தைத் தூக்கிவிடும். படத்தை 200 வீதத்துக்குப் பெருப்பித்து, நிறம் உறிஞ்சும் கருவியை வெறும் வானத்தில் இருந்து ஓலையை நோக்கி மெல்ல நகர்த்துங்கோ. (0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை.) 190, 190, 192 என்று வந்த இலக்கம் ஓலைக்குக் கிட்ட 205, 225 என்று ஏறும். நல்ல படத்தில் அது 190இலேயே நின்று, ஓலையில் பொத்தென்று விழும்.

இனி எடுக்கிற முறை. உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே இருக்கிறது.

ஜேபெக்கை விடுங்கோ, றோவில் (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கோ. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படி, அதுவும் கமரா தன் வளைவைப் போட்டு முடித்த பிறகு. உங்கள் கமராவின் றோ 14 பிட், 16,384 படி. ஐஎஸ்ஓ 100இல் பூட்டுங்கோ. ஓட்டோவில் விட்டால் இருட்டுக்குத் தக்கபடி அது ஐஎஸ்ஓவைக் கூட்டும், அந்தக் கூட்டல்தான் நிழலில் மணலாக வருகிறது. வெள்ளைச் சமநிலையை வெய்யில் அடையாளத்தில் நிறுத்துங்கோ. போக்கஸை ஒருமுறை பிடித்து லென்ஸில் உள்ள ஆளியை எம்எஃப்புக்கு (கைப் போக்கஸ்) தள்ளுங்கோ, ஸ்டெபிலைசர் ஆளியையும் அணையுங்கோ. எஃப் 16 வேண்டாம், எஃப் 8 போதும். எஃப் 16இல் ஒளி வளைந்து கூர்மை குறைவது ஒருபக்கம், சென்சரில் ஒட்டின தூசி கறுப்புப் பொட்டாகத் தெரிவது மறுபக்கம். எங்கள் கிரவல் றோட்டுப் புழுதிக்கு வெளியில் வைத்து லென்ஸ் மாற்றினால் பொட்டு நிச்சயம். எச்டிஆர் வானத்தில் அந்தப் பொட்டை இரண்டு மடங்கு அழுத்திக் காட்டும்.

மண்டபத்துக்கு மூன்று பிரேம் காணாது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8இல் வெளிவீதிக்கு 1/500 வரும். உள்ளே தூணுக்கு அரைச் செக்கன் அளவில் வரும். இடையில் 8 ஸ்டொப். ஆகவே 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 என்று ஐந்து. 1500டி ஒரு தடவைக்கு மூன்றுதான் தரும் என்பதால் எல்லாவற்றையும் கையால் வைக்கிற 'எம்' முறையில் இரண்டு தொகுதி எடுங்கோ: முதலில் 1/125ஐ நடுவில் வைத்து, பிறகு 1/8ஐ நடுவில் வைத்து. 1/30 இரண்டு தரம் வரும், ஒன்றை எறியுங்கோ. 2 செக்கன் டைமர் போட்டால் ஒரே அழுத்தலில் மூன்றும் விழும், கை கமராவில் படாது.

போதுமா என்று பார்ப்பது ஹிஸ்டோகிராமில் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டுகிற வரைபடம்). மிக இருண்ட பிரேமில் வலப்பக்கச் சுவரில் எதுவும் முட்டக் கூடாது. மிக வெளிச்சமான பிரேமில் இடப்பக்கச் சுவரில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. இரண்டும் சரி என்றால் நடுவில் எத்தனை பிரேம் என்பது பெரிய விசயமில்லை.

போட்டோமேட்டிக்ஸிலேயே செய்வதென்றால் லைட்டிங்கை 'நேச்சுரல்' ஆக்கி, ஸ்ட்ரெந்தை 40, 50க்கு இறக்கி, 'ஸ்மூத் ஹைலைட்ஸ்' என்பதை 20, 30க்கு ஏற்றுங்கோ. மேகத்தின் சாம்பலும் பனையின் வளையமும் இந்த மூன்றாவதிலேயே பெரும்பாலும் கழுவுப்படும். நிறச் செறிவு கடைசியில் தொட வேண்டியது. ஒளியைக் குறுக்கும்போது நிறம் தானாகவே தடித்துவிடும், அதற்கு மேல் 75 போட்டால் செம்மண் குங்குமமாகும்.

ஒரு சோதனையும் சொல்கிறேன். முடித்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, நடு பிரேமின் கறுப்பு வெள்ளைக்குப் பக்கத்தில் வையுங்கோ. எந்த இரண்டு இடம் தங்களுக்குள் இடம் மாறியிருக்கிறதோ அங்கே கை வையுங்கோ. நிறம் கண்ணை ஏமாற்றும், சாம்பல் ஏமாற்றாது.

துணுக்காயான்

முதிரை அண்ணை சொன்ன எல்லை எனக்கும் சரி. ஆனா மிகை எண்டாலே பிழை எண்டு ஆக்கிப் போடாதேங்கோ. 'சர்ரியல்' பிழையான கருவி இல்லை, பிழையான படத்தில போட்டதுதான் பிழை.

வரிசை குலையிறது ஏன் கண்ணைக் குத்துது? படத்தில வானம் இருக்கு, நிலம் இருக்கு, வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருது எண்டு மூளைக்குத் தெரியும். வானமே இல்லாத படத்தை எடுங்கோ. கழட்டிப் போட்ட லான்ட்மாஸ்டர் உழவு மெசின் எஞ்சினில கறள், வண்டில் சில்லின்ர வெடிச்ச மரம், சுண்ணாம்பு உரிஞ்ச சுவர், முத்தையன்கட்டுப் பக்கம் தண்ணிக்குள்ள நிக்கிற பட்டமரத்தின்ர பட்டை. இதுகளில சொல்ல வேண்டிய விசயமே மேற்பரப்பு. அயலோட ஒப்பிட்டு ஏத்தி இறக்கிற முறை அந்த மேற்பரப்பைக் கையால தடவிப் பாக்கிற மாதிரிக் கொண்டு வரும். மார்கழி மழைக்காலத்து மூடின வானத்துக்குக் கீழ எடுங்கோ, நேர் வெய்யில் இல்லாததால வளையம் பிடிக்க இடமே இல்லை. அப்பிடியான படத்தில ஸ்ட்ரெந்த் 90ம் தாங்கும்.

மிகையாச் செய்யிறதெண்டாலும் நாலு இடத்தில கை அடக்கம் வேணும்.

மனுசர்ர முகம். தோலில ஒவ்வொரு துவாரமும் சுருக்கமும் கறுத்துத் தடிச்சு வரும், 40 வயசு ஆளை 70 ஆக்கும். ஆள் இருந்தால் முகத்தையும் கையையும் மாஸ்க் (மென்பொருளில ஒரு பகுதியை மட்டும் திறந்து விடுற மறைப்பு) போட்டு நடு பிரேமில இருந்து எடுங்கோ.

வெள்ளை. ஆனையிறவு உப்புக் குவியலோ, வேட்டியோ, சுண்ணாம்பு மதிலோ, வெள்ளை எண்டு தெரிஞ்ச ஒரு பொருள் சாம்பலாப் போனால் மற்றது எதையும் ஆரும் நம்பாயினம். அந்த வெள்ளையில ஒரு இடமாவது 240ஐத் தொட வேணும்.

நிறத்தில சிவப்பு. குங்குமம், செம்பட்டு, செவ்வரத்தம்பூ, இதுகளில சிவப்புச் சனல் 255இல முட்டிச்செண்டால் இதழின்ர மடிப்பெல்லாம் அழிஞ்சு பிளாஸ்டிக் ஆயிடும். மூண்டு சனலின்ர ஹிஸ்டோகிராமையும் தனித்தனியாப் பாருங்கோ, கூட்டுப் படம் காட்டாது.

நாலாவது எங்கட மண்ணுக்கே உரிய விசயம். போரில சிதைஞ்ச வீடு, செல் துளைச்ச சுவர் எண்டு எடுக்கிற ஆக்கள் இருக்கினம். அதில மிகை வேண்டவே வேண்டாம். அது சாட்சி. துளையின்ர ஓரத்தைக் கறுப்பாக்கி வானத்தை உறுமப் பண்ணினால் அது சினிமாப் போஸ்டர் ஆகும், பிறகு அந்தச் சுவருக்குச் சொல்ல ஒண்டும் இருக்காது. பாத்த வெளிச்சத்தில பாத்த மாதிரி விடுங்கோ.

தம்பிட ரெண்டு படமும் வானமும் வாசலும் உள்ள படங்கள், அதுக்கு இயல்புதான் சரி. கலண்டரில தேர்ச்சில்லின்ர செதுக்கு வேலை மாதிரி ஒண்டு இருந்தால் அதைக் கொஞ்சம் தடிப்பாச் செய்யுங்கோ, பாதிச் சபையும் சந்தோசப்படும்.

குளக்கட்டு | கிளிநொச்சி

பெரிய உதவி அண்ணை. றோவில, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஐஞ்சு பிரேம் எண்டு திரும்ப எடுத்தன். வளையம் இல்லை, மணல் இல்லை, மேகம் வெள்ளை.

இப்ப வேற ரெண்டு. சோளகக் காத்து அடிக்குது, பனை ஓலை ஒவ்வொண்டும் ரெண்டு மூண்டாத் தெரியுது. குத்துவிளக்குச் சுடரைச் சுத்தி செம்மஞ்சள் வட்டம், சுடரின்ர நடு சாம்பல். அதோட, காசு குடுக்காமல் பாவிக்கக் கூடிய மென்பொருள் ஏதும் இருக்கோ? நான் போட்டோமேட்டிக்ஸ் பாவிக்கிறது சோதனைப் பதிப்பு, படத்தில முத்திரை விழுது.

பாலைப்பழம்

காசில்லாமல் செய்ய இரண்டு வழி இருக்கு. இரண்டும் வேறு வேறு யோசனை, அதை முதலில் பிரித்து விளங்கினால் நல்லது.

ஒன்று உண்மையான எச்டிஆர். 1997இல் டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் காட்டின வழி: வேறு வேறு நேர அளவில் எடுத்த படங்களில் இருந்து அந்த இடத்தில் இருந்த ஒளியின் அளவையே திருப்பிக் கணக்கிடுவது. அந்தக் கோப்பில் மிகையும் இல்லை, இயல்பும் இல்லை, வெறும் அளவுதான். மிகை வருவது அதைத் திரைக்குச் சுருக்கிற இரண்டாவது படியில். இதற்கு 'எச்டிஆர்மேர்ஜ்' என்ற இலவச மென்பொருள் இருக்கு. ஐந்து றோவையும் போட்டால் டிஎன்ஜி என்ற ஒரே றோ வகைக் கோப்பாகத் தரும். அதை றோதெரபி, டார்க்டேபிள் போன்ற இலவச றோ மென்பொருளில் திறந்து சாதாரண றோ மாதிரியே வேலை செய்யலாம். டார்க்டேபிளில் 'டோன் ஈக்குவலைசர்' என்ற பகுதியைப் பாவியுங்கோ. நிழலை 2 ஸ்டொப் தூக்கி, வானத்தை 1 ஸ்டொப் இறக்கி என்று ஸ்டொப் கணக்கிலேயே செய்யலாம். ஓரங்களை அடையாளம் கண்டு வேலை செய்வதால் வளையம் அரிது. வந்தால் அதன் மாஸ்க் பக்கத்தில் உள்ள ஓரத் திருத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கோ.

மற்றது ஃபியூஷன். 2007இல் மெர்டன்ஸ் குழு சொன்ன முறை. ஒளியின் அளவைக் கணக்கிடுவதே இல்லை. ஒவ்வொரு பிரேமிலும் அளவாக வெளிச்சம் விழுந்த புள்ளிகளுக்குக் கூட நிறை குடுத்து நேரே கலக்கிறது. 'என்ஃபியூஸ்' இதைச் செய்யும். ஹுகின் என்ற இலவச மென்பொருள் பொதியோடு வரும், படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிற கருவியும் அதோடேயே இருக்கு. கருவிகளுக்குள் படத்தைக் கெடுக்க மிகக் கஷ்டமான கருவி இதுதான், எதுவும் தொடாமல் விட்டாலே இயல்பாக வரும். குறை என்னவென்றால் படம் கொஞ்சம் தட்டையாக இருக்கும், கடைசியில் வளைவில் லேசான எஸ் வடிவம் போட்டு நிழலை இறக்கி ஒளியை ஏற்ற வேண்டும். நீங்கள் எடுத்த மண்டபத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

லைட்ரூம் கையில் இருந்தால் 2015இல் வந்த 6ஆம் பதிப்பில் இருந்து எச்டிஆர் சேர்க்கை உள்ளேயே இருக்கு. எக்ஸ்போஷர் கோல் மற்ற றோவுக்கு 5 வரை போகும், சேர்த்த கோப்புக்கு 10 வரை போகும். இடம் இருக்கு என்று போக வேண்டாம். ஹைலைட்ஸ் மைனஸ் 50, ஷாடோஸ் பிளஸ் 40, கிளாரிட்டி 10க்குள். ஷாடோஸ் 100, ஹைலைட்ஸ் மைனஸ் 100 என்று இரண்டையும் முட்டத் தள்ளினால் வளையம் இங்கேயும் வரும்.

இனி ஓலை. காற்றில் ஆடுகிற பொருளுக்கு எந்த மென்பொருளும் முழு மருந்தில்லை. டீகோஸ்ட் என்பது அசைந்த இடத்தில் ஒரே ஒரு பிரேமை மட்டும் எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஐந்து பிரேமின் சுத்தம் இருக்காது, அந்தத் திட்டு மட்டும் புள்ளியாகத் தெரியும். லைட்ரூமில் 'லோ'வில் வைத்து, எந்த இடத்தைத் தொடுகிறது என்று சிவப்பு மேலோட்டத்தில் பார்த்துவிட்டுத்தான் கூட்டுங்கோ. அதை விட நல்லது பனைக்கு ஒரு பிரேமைக் கையாலே தெரிந்தெடுப்பது. பனந்தலை வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரிவது இயற்கை. அதன் ஒவ்வொரு ஓலையிலும் பச்சை தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. 1/125 அல்லது அதை விட வேகமான பிரேமை ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் மேல் அடுக்காகப் போட்டு, கறுப்பு மாஸ்க் வைத்து, பனைக்கு மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் திறந்து விடுங்கோ. சேர்க்க முன்னம் ஒவ்வொரு றோவிலும் லென்ஸின் நிற ஓரத் திருத்தத்தைப் போட மறக்க வேண்டாம். ஓலை நுனியின் ஊதாக் கோடு ஒரு பிரேமில் சின்னதாக இருக்கும், ஐந்தைச் சேர்த்தால் தடித்துவிடும்.

அல்லது காலைமை போங்கோ. சோளகம் விடிய முன்னமும் விடிந்த கையோடும் படுத்திருக்கும், பின்னேரம்தான் அதன் ஆட்டம்.

சுடருக்கும் அதே வைத்தியம். சுடர் ஐந்து பிரேமிலும் ஐந்து இடத்தில் ஆடியிருக்கும். 1/125 அல்லது 1/500 பிரேமில் இருந்து சுடரை மட்டும் மாஸ்க் போட்டு எடுங்கோ. சுடரின் நடு வெள்ளைக்குக் கிட்ட இருக்கட்டும், அதற்குள் விவரம் தேட வேண்டாம். விளக்கு வெளிச்சம் 1900 கெல்வின் பக்கம், வாசல் வெளிச்சம் 5500. இரண்டையும் ஒரே வெள்ளைச் சமநிலையில் நடுவாக்கப் போனால் வீதி நீலமாகிவிடும். வெய்யிலுக்குச் சரியாக வைத்து, விளக்கைச் சுற்றி மஞ்சளை விட்டுவிடுங்கோ. எண்ணெய் பிடித்த கருங்கல்லில் அந்த மஞ்சள் பளபளப்புத்தான் மண்டபத்தின் அழகு. வெளிவீதி தூணை விட ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சமாகவே இருக்கட்டும், மதிலின் மேல் விளிம்பு வெள்ளையாகப் போனாலும் பரவாயில்லை. உள்ளே நிழல், வெளியே வெய்யில் என்று பார்த்தவுடன் விளங்க வேண்டும்.

மைக்கூடு | வவுனியா

கலண்டர் என்றபடியால் அச்சுப் பக்கத்தால் கொஞ்சம்.

திரையில் இயல்பாகத் தெரிவது தாளில் இருண்டு போகும். திரை தானே ஒளிர்கிறது, தாள் அறை வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. பெரும்பாலான ஆட்கள் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளின் வெள்ளைக்குக் கிட்ட வரும் மட்டும் திரையை இறக்குங்கோ. பிறகு நிழலைப் பாருங்கோ. 15க்குக் கீழே உள்ள இலக்கமெல்லாம் அச்சில் ஒரே கறுப்புத்தான்.

நிறம் அதை விட முக்கியம். ஓப்செட் அச்சில் நாலு மை. எச்டிஆரில் தடித்த கடும் நீல வானம் நாலு மைக்கு மாறும்போது ஊதாவுக்குச் சாயும். இளம் பயிரின் பச்சை மங்கிப்போகும். வன்னிக் கலண்டரில் வானமும் வயலும்தான் முக்கால்வாசி, ஆகவே இந்த இரண்டையும் முன்கூட்டியே பாருங்கோ. போட்டோஷொப்பில் அச்சு முன்னோட்டத்தைப் போட்டு, எல்லைக்கு வெளியே போகிற நிறத்துக்கான எச்சரிக்கையைத் திறந்தால் போகிற இடமெல்லாம் சாம்பலாக மூடித் தெரியும். நீலத்தின் செறிவை மட்டும் 10, 15 குறைத்து, அதன் சாயலைச் சற்றே சயான் (பச்சை கலந்த நீலம்) பக்கம் தள்ளினால் ஊதா வராது. அச்சகம் எந்த நிற விவரக்கோப்பைப் பாவிக்கிறது என்று கேட்டு வாங்கி அதையே போடுங்கோ. தராவிட்டால் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற முறையில் குடுத்து ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கோ. 12 பக்கமும் அடித்த பிறகு கதைத்துப் பிரயோசனமில்லை.

படத்தின் அளவு அச்சில் 12 அங்குலம் வருமென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளிப்படி 3600 புள்ளி. 1500டியின் 6000 புள்ளியில் தாராளமாக இருக்கு. கூர்மையாக்கலை இந்த அளவுக்குச் சுருக்கின பிறகு, கடைசியாக, ஒருதரம் மட்டும் செய்யுங்கோ. எச்டிஆர் மென்பொருளுக்குள் ஒருதரம், லைட்ரூமில் ஒருதரம், அச்சுக்கு ஒருதரம் என்று மூன்று தரம் கூராக்கின படத்தில் பனை ஓலை கம்பி வலை மாதிரி வரும். தாளைக் கேட்டால், மண்டபப் படம் போன்ற நிழல் கூடின படத்துக்குப் பளபளப்புத் தாள்தான். மங்கல் தாளில் அந்தத் தூண்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

வெளிவீதி | மல்லாவி

இடையில ஒரு கேள்வி. என்னட்ட நிக்கொன் டி3500. வேற வேற வெளிச்சத்தில தானா அடுத்தடுத்து எடுக்கிற பிரக்கெட்டிங் எண்ட தெரிவே மெனுவில இல்லை. போனில எச்டிஆர் இருக்கு, அதில எடுத்துச் சேத்தால் சரிவருமோ?

முதிரை | வவுனியா

டி3000 வரிசையில் தானியங்கிப் பிரக்கெட்டிங் கிடையாது. 'எம்'மில் கையால் செய்யலாம். சில்லில் ஒரு கிளிக் மூன்றில் ஒரு ஸ்டொப். ஆகவே 1/500இல் தொடங்கி ஆறு கிளிக் சுற்றினால் 1/125, இன்னும் ஆறு 1/30, இப்படியே. சில்லைத் தொடும்போது கமரா ஒரு மயிரிழை நகரும், சேர்க்கும்போது பொருத்துகிற தெரிவைக் கட்டாயம் போடுங்கோ. குளக்கட்டின் இளகின மண் என்றால் ட்ரைபொட் காலை முதலில் அமத்தி இருத்திவிட்டு, நடுத்தண்டை உயர்த்தாமல் எடுங்கோ.

போனின் எச்டிஆர் வேறு வழி. கூகுளின் முறை முதலில் ஒரே அளவு குறைந்த வெளிச்சத்தில் மட்டும் பல பிரேமை மளமளவென்று எடுத்தது. எப்படி எடுத்தாலும், போன் அவற்றைச் சேர்த்து, நிழலைத் தூக்கி முடித்துத்தான் உங்களிடம் தருகிறது. குறுக்கி முடித்த படத்தைத் திரும்பவும் எச்டிஆருக்குள் போட்டால் குறுக்கலின் மேல் குறுக்கல், சாம்பலின் மேல் சாம்பல். போனில் எடுத்ததைப் போன் படமாகவே விடுங்கோ. போன் றோ தந்தால் அது வேறு கதை.

அதோடு, எல்லாவற்றுக்கும் ஐந்து பிரேம் தேவையில்லை. சூரியன் விழுந்த பிறகு எங்கள் பக்கம் 20 நிமிசம் அளவில்தான் வெளிச்சம் நிற்கும். அந்த நேரத்தில் வானத்துக்கும் நிலத்துக்கும் இடைவெளி தானாகவே சுருங்கிவிடும், வானத்துக்கு அளவெடுத்த ஒரே றோவில் நிழலை 2 ஸ்டொப் தூக்கினால் வேலை முடிந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் மாதிரிச் சனம் அசைகிற இடத்திலும் ஒரே றோதான், பிரக்கெட்டிங் எடுத்தால் கை, தலை, காவடி எல்லாம் மூன்று மூன்றாக வரும்.

குளக்கட்டு | கிளிநொச்சி

என்ஃபியூஸில மண்டபம் சரியா வந்திட்டு. வெளியில வெய்யில், உள்ளுக்குக் குளிர்ச்சி எண்டு பாத்த உடன தெரியுது. பனையை ஒரே பிரேமில விட்டிட்டன், கறுப்பா நிக்கிறதுதான் வடிவு.

கடைசியா ஒண்டு. மார்கழிப் பக்கத்துக்கு, பழைய கோப்பில இருந்து குளம் நிரம்பி வான் கதவுகளால தண்ணி பாயிற படம் போட நினைக்கிறன். ஐஞ்சு பிரேம் இருக்கு. சேத்தால் நுரை எல்லாம் பால்கட்டி மாதிரித் திட்டுத் திட்டா வருது.

பாலைப்பழம்

ஐந்து பிரேமிலும் நுரை ஐந்து விதம், சேரவே சேராது. தண்ணீருக்கு ஒரு பிரேமைத் தெரிந்தெடுங்கோ. 1/250 என்றால் துளி துளியாக நிற்கும், 1/60 என்றால் பாய்கிற வேகம் தெரியும், கால் செக்கன் என்றால் பட்டுத் துணி. கலண்டருக்கு 1/60 பக்கம் உள்ளதை எடுங்கோ. அந்தப் பிரேமில் நுரையின் உச்சி 250ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கோ. தாண்டியிருந்தால் அடுத்த இருண்ட பிரேமை எடுத்து றோவில் 1 ஸ்டொப் தூக்குங்கோ. மாஸ்க்கின் எல்லையைத் தண்ணீருக்குள் கொண்டு போகாமல், கதவின் கொங்கிறீட் ஓரத்தோடு ஓட்டுங்கோ. நேர்க்கோட்டு ஓரத்தில் ஒட்டுத் தெரியாது. ஈரமான கொங்கிறீட்டை மட்டும் சேர்த்த படத்தில் இருந்து எடுக்கலாம், ஆனால் அது நுரையை விட இருண்டே இருக்கட்டும்.

அடுத்த முறை எடுக்கும்போது கதவுகளுக்கு மேலே உள்ள பாலத்தில் ட்ரைபொட் வைக்க வேண்டாம். தண்ணீர் பாயிற அதிர்வு காலுக்குத் தெரியாது, 1/8 செக்கன் பிரேமுக்குத் தெரியும். கீழ்க்கரையில், தூவானம் எட்டாத தூரத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கோ. ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னம் லென்ஸ் கண்ணாடியைத் துடையுங்கோ. மைனஸ் பிரேமில் தெரியாத ஒரு துளி, பிளஸ் பிரேமில் வெளிச்சத் திட்டாக விரிந்து கிடக்கும்.